ஜபல் நவ்ராவின் ஒரே பயணி

2022ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, ஐக்கிய அரபு அமீரகத்தின் வடக்கு மலைகளில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில், ஜபல் நவ்ரா விமான நிலையம் திறந்து வைக்கப்பட்டது. விழாவுக்கு வந்த விருந்தினர்கள் அனைவரும் காரில் வந்திருந்தார்கள்.

ரிப்பன் வெட்டுவதற்குச் சற்று முன்பு ஒரு சிக்கல் எழுந்தது. முகப்புக் கூடத்தில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு திரை இருந்தது. 'இதுவரை பயணம் செய்தவர்கள்' என்று அதில் எழுதி, கீழே பூஜ்யம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள விருந்தினர்களில் எவருக்கும் விருப்பமில்லை.

நிலையத்தின் மேற்பார்வையாளர் அஹ்சன் லாகூர்க்காரர். கூடத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். தூணோரம் மாப்பால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பன்னீர்செல்வம் கண்ணில் பட்டார்.

"பாய், இதர் ஆவோ. ஜல்தி!"

பன்னீர்செல்வம் அரியலூர் மாவட்டத்துக்காரர். துபாயில் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து துப்புரவு கம்பெனி பஸ்ஸில் ஏற்றி இந்த மலைமேல் இறக்கிவிட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. தரை வழுக்கி யாரோ விழுந்துவிட்டார்கள், திட்டு விழப்போகிறது என்று நினைத்துத்தான் ஓடிவந்தார். அஹ்சன் அவர் கையிலிருந்த மாப்பைப் பிடுங்கிக்கொண்டு, சக்கரம் வைத்த காலிப் பெட்டி ஒன்றைக் கொடுத்துக் கவுன்ட்டர் பக்கம் தள்ளிவிட்டார்.

கவுன்ட்டரில் ரம்ஸியா. இலங்கையில் பேருவளைப் பக்கம். அவளுக்கும் அவர்தான் முதல் பயணி.

"எங்க போற அண்ணே?"

"இங்கதாம்மா..." பன்னீர்செல்வம் திரும்பி அஹ்சனைப் பார்த்தார். அவர் மாப்பைத் தூக்கிக் காட்டி வேகம் என்றார். "சும்மா அப்படியே போயிட்டு வர்றேன்."

ரம்ஸியாவின் இயந்திரத்தில் இரண்டே பொத்தான்கள். ஒன்று 'ஒருவழி'. இன்னொன்று 'போய்வருதல்'. அவள் இரண்டாவதை அழுத்தினாள்.

பாதுகாப்புச் சோதனையில் பன்னீர்செல்வம் பெல்ட்டைக் கழற்றினார், மாட்டினார். கண்ணாடிக் கதவுகள் தாமாகத் திறந்தன. வெளியே நின்ற பஸ்ஸில் ஓட்டுநர் மூசா அவரை ஏற்றி, ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டடத்தின் மறுபக்கம் 'வருகை' என்று எழுதிய வாசலில் இறக்கிவிட்டார். திரையில் புறப்பாடு ஒன்று, வருகை ஒன்று, ஆக மொத்தம் இரண்டு என்று வந்தது. கூட்டம் கைதட்டியது. விமான நிலையத்தின் தலைமை இயக்குநர் தம் உரையில், தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் போக்குவரத்து இருமடங்கானதைக் குறிப்பிட்டார்.

அன்றிலிருந்து பன்னீர்செல்வத்துக்கு வேலை மாறியது. மாப் போய்ப் பெட்டி வந்தது.

விமானங்கள் வராததற்குக் காரணம் ஒன்றும் ரகசியமில்லை. உயரத்தில் காற்று மெலிது. வெயிலில் இன்னும் மெலியும். ஓடுபாதையோ, மலைமுகட்டைச் செதுக்கிப் போட்டது, இரு பக்கமும் பள்ளத்தாக்கில் போய் முடிகிறது. ஆட்களோடு வருகிற விமானம் இறங்கிவிடலாம், ஆட்களோடு ஏறத்தான் முடியாது. இதைக் கட்டுவதற்கு முன்பே சில பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் பலகை கழிவறைகளுக்குப் போகும் வழியில் இருக்கிறது.

ஆனால் விமானம் இல்லையென்று நிலையம் சும்மா இருக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் காபிக்கடைக்கு வாடகைக்கு விட்டார்கள். மேகத்துக்கு மேலே காபி என்று நல்ல வியாபாரம். ஓடுபாதையில் சனிக்கிழமை காலைகளில் யோகா. ராஜாளிப் பறவைகளுக்குத் தடுப்பூசி முகாம் சரக்குப் பகுதியில். கார் கம்பெனிகள் விளம்பரப் படம் எடுக்க வந்தன. கல்யாண ஜோடிகள் வந்து, விமானமில்லாமல் தனியாக நிற்கும் ஏணிப்படியில் ஏறி, உச்சிப் படியில் நின்று வானத்துக்குக் கையசைத்துவிட்டு, அதே வழியாக இறங்கிப் போனார்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் எடுக்கப்பட்ட பல கல்யாண ஆல்பங்களில், மணமக்களுக்குப் பின்னால் மங்கலாக, பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர் போய்க்கொண்டிருப்பார். அது பன்னீர்செல்வம்தான்.

அவருடைய நாள் இப்படிப் போகும். காலையில் பெட்டி. உள்ளே எடைக்காகத் தண்ணீர்ப் பாட்டில்கள். கவுன்ட்டரில் ரம்ஸியா "எங்க போற அண்ணே?" என்பாள். "போயிட்டு வர்றேம்மா" என்பார். சோதனை நிஜம் போலவே இருக்க வேண்டும் என்பதால், துப்புரவு கம்பெனியிடமிருந்த அவருடைய அசல் பாஸ்போர்ட்டை நிலையமே கேட்டு வாங்கி ரம்ஸியாவின் இழுப்பறையில் வைத்திருந்தது. அவள் அதைத் திறந்து முகத்தைப் பார்த்து, மூடி, மறுபடி இழுப்பறையில் போடுவாள். பாதுகாப்புச் சோதனையில் தண்ணீர்ப் பாட்டில்களைப் பறிமுதல் செய்வார்கள். பிறகு விமானம் தாமதமென்று ஒலிபெருக்கியில் மன்னிப்பு கேட்பார்கள். அரபியில், ஆங்கிலத்தில், உருதுவில். கூடத்தில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான் என்பதால், ஒவ்வொரு மொழிக்கும் எழுந்து நின்று, பரவாயில்லை என்று கையைக் காட்டுவார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பஸ், ஒரு சுற்று, வருகை வாசல். அங்கே ஒரு பெண் பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபுக் காபியும் கொடுத்து, ஜபல் நவ்ராவுக்கு நல்வரவு என்பாள். பறித்த பாட்டில்களை அங்கேயே திரும்பக் கொடுப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி.

எல்லாம் முடிந்ததும் மகிழ்ச்சிமானி. சுவரில் பதித்த திரையில் மூன்று முகங்கள், பச்சைச் சிரிப்பு, மஞ்சள் உம், சிவப்புக் கோபம். பன்னீர்செல்வம் பச்சையை அழுத்துவார்.

ஒரு ஜனவரி மாதக் குளிரில் கையுறையோடு அழுத்தியதில் விரல் நழுவி மஞ்சளில் பட்டுவிட்டது. அன்று மாலையே அவரைச் சீதாராமன் கூப்பிட்டு அனுப்பினார்.

சீதாராமன் பயணியர் மகிழ்ச்சித் துறையின் தலைவர். சென்னைக்காரர், துபாயில் மனைவி நளினி, மகள் மஹதியோடு குடியிருப்பவர். துறையின் பெயர்ப் பலகையில் 'பயணியர்' என்று பன்மையில் இருந்தது. ஊழியர்களும் பன்மையில்தான் இருந்தார்கள், பதினொரு பேர். அத்தனை பேரும் அன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"பன்னீர், உண்மையைச் சொல்லுங்கோ. எங்க மேல என்ன வருத்தம்?"

"ஒண்ணும் இல்ல சார். கிளவுஸ் வழுக்கிருச்சு."

"அப்படி நீங்க பெருந்தன்மையா சொல்றேள். ஆனா இந்த ஸ்கிரீனைப் பாருங்கோ. இன்னைக்கு நம்ம பயணிகள்ல நூறு சதவீதம் பேர் திருப்தி இல்லாம இருக்கா. இன்டர்நேஷனல் லெவல்ல இப்படி ஒரு நாள் எந்த ஏர்போர்ட்டுக்கும் வந்தது கிடையாது."

"மறுபடி பச்சையை அமுக்கிடவா சார்?"

"அது மோசடி" என்றார் சீதாராமன், நிஜமாகவே புண்பட்டு. ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. குழுவின் பரிந்துரைப்படி அவருக்கு விரல் தெரியும் கையுறை வழங்கப்பட்டது.

இப்படி எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்திருக்கும். ஊரில் பன்னீர்செல்வத்தின் தங்கை நாகவள்ளிக்கு ஒரு பெண் குழந்தை இல்லாமலிருந்தால்.

தன்ஷிகா என்று பெயர். குலதெய்வம் செல்லியம்மன் கோயிலில் முதல் முடி இறக்கிக் காது குத்த வேண்டும். இரண்டுமே தாய்மாமன் மடியில் வைத்துத்தான். தாய்மாமன் மலைமேல் போய்வந்துகொண்டிருந்ததால் முகூர்த்தம் தள்ளிப்போனது. ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறையும். முடிக்கு இந்த விவரம் தெரியாது, அது வளர்ந்தது. பிள்ளை இப்போது யுகேஜி. சடை இடுப்பைத் தாண்டி இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சடைக்காகவே அவளை ஆண்டுவிழாவில் பாரதமாதா வேஷத்தில் நிறுத்தினார்கள். ஆகவே அவளுக்கு இதில் சொந்தமாக ஒரு கருத்து உருவாகியிருந்தது.

"அண்ணே, நல்லாயிருக்கியா?" என்பாள் நாகவள்ளி வீடியோவில். "எப்பத்தான் வர்ற?"

"மாமா, வராதீங்க!" என்று பின்னாலிருந்து குரல் வரும். "மொட்டை அடிச்சிருவாங்க! அங்கியே இருங்க!"

"சும்மா கெடடி. அண்ணே, பெரியவங்கள்லாம் ஒருமாதிரி பேசுறாங்க. நாலாந்தடவை தள்ளிப்போட்டா சாமி குத்தம்ங்கிறாங்க. மாசி மாசம் நாள் குறிச்சாச்சு."

பன்னீர்செல்வம் சீதாராமனிடம் போனார்.

"சார், லீவு வேணும்."

"உக்காருங்கோ. எதுக்கு?"

"தங்கச்சி மவளுக்கு மொட்டையடிச்சுக் காது குத்தணும் சார். என் மடியில வச்சுத்தான் செய்யணும்."

"வேற தாய்மாமன் கிடையாதா?"

"நான் ஒருத்தன்தான் சார்."

"பார்த்தேளா" என்றார் சீதாராமன் நெகிழ்ந்துபோய். "அங்கேயும் நீங்க ஒருத்தர்தான், இங்கேயும் நீங்க ஒருத்தர்தான். உங்க கஷ்டம் எனக்குப் புரியறது. எங்க கஷ்டம் உங்களுக்குப் புரியணும். நீங்க ஒரு மாசம் போனா, பயணிகள் எண்ணிக்கையில நூறு சதவீத வீழ்ச்சி. கொரோனா சமயத்துலகூட எந்த ஏர்போர்ட்டும் அப்படி விழலை."

"வேற ஆளைப் போடலாமே சார். எங்க கேம்ப்லயே நாலஞ்சு பேரு..."

"அவா புதுப் பயணிகள். பழைய பயணி நம்மளை விட்டுட்டுப் போயிட்டார்னு ரிப்போர்ட்ல வரும். நம்ம பலமே லாயல்டி. ஒருதடவை வந்த பயணி மறுநாளும் வரார், அதுக்கு மறுநாளும் வரார். உலகத்துல எந்தப் பயணியாவது ஒரே ஏர்போர்ட்டுக்குத் தினம் ரெண்டு வேளை வரானா, சொல்லுங்கோ?"

"ஆனா சார், நான் ஒருதடவைகூட விமானத்துல ஏறலையே."

"அதனாலதான் பன்னீர் ஒரு புகாரும் இல்லை" என்றார் சீதாராமன். "விமானத்துல ஏறினவாதான் எப்பவும் குறை சொல்லுவா. சாப்பாடு ஆறிப்போச்சு, கால் நீட்ட முடியலை, பெட்டி வரலைன்னு. எங்க துறை ஆராய்ச்சியே பண்ணியிருக்கு. பயணத்துல பயணிக்கு எரிச்சல் தர்ற ஒரே பகுதி விமானம். அதை நாங்க எடுத்துட்டோம்."

அந்த வாரக் கடைசியில் சீதாராமன் குடும்பத்தோடு மலைக்கு வந்தார். கார் நிறுத்துமிடத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் கோழி வாட்டிக்கொண்டிருந்தன. குளிர்காற்றுக்கு அதைவிட நல்ல இடம் அமீரகத்தில் கிடையாது. மஹதி கூடத்துக்குள் ஓடி, கண்ணாடிக்கு அப்பால் வெறும் ஓடுபாதையைப் பார்த்தாள்.

"அப்பா, வேர் இஸ் தி ப்ளேன்?"

"ப்ளேன் கிடக்கட்டும் கண்ணா. எவ்ளோ சுத்தமா வச்சிருக்கோம் பாரு."

"யாரும் வராத வீடு சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள் நளினி. தூரத்தில் பெட்டியோடு போன பன்னீர்செல்வத்தைப் பார்த்து, "அவர் யாரு, ஏதாவது வி.ஐ.பி.யா?" என்றாள்.

"ஆமாம்" என்றார் சீதாராமன் யோசிக்காமலே.

நடந்ததெல்லாம் இதற்கு அடுத்த மாதம் நடந்தது. கடற்கரை முழுவதையும் காலையில் மூடுபனி அடைத்துக்கொண்டது. துபாய், ஷார்ஜா எங்கும் விமானம் இறங்க முடியவில்லை. பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரே இடம் ஜபல் நவ்ரா. செங்கடல் கரையில் யான்புவிலிருந்து பொறியாளர்களை ஏற்றிவந்த ஒரு கம்பெனியின் சிறிய விமானம், எரிபொருள் தீரும் தறுவாயில், வேறு வழியில்லாமல் அங்கே இறங்கியது.

முதலில் பார்த்தது கோபுரத்துக் காபிக்கடைக்காரர். கார் விளம்பரத்துக்கு ஷூட்டிங் என்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. விமானம் ஏணிப்படிக்கு அருகே வந்து நின்றபோது, மேல்படியில் ஒரு மணமகன் மணமகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தான். புகைப்படக்காரர் கோபமாக விமானத்தைத் தள்ளிப் போகச் சொன்னார்.

அஹ்சன் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். "யே கஹான் ஸே ஆ கயா!" இது எங்கிருந்து வந்தது என்று எல்லாரையும் கேட்டார்.

விமானம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் பயிற்சி இல்லை. தவிர, அது பன்னீர்செல்வம் வந்துசேரும் நேரம். வருகைப் பகுதி உபயோகத்தில் இருப்பதாகப் பாதுகாவலர்கள் பொறியாளர்களை வெளியே வரிசையில் நிறுத்திவைத்தார்கள்.

வரிசையில் முன்னால் நின்றவர் ரகுநாதன், கோயம்புத்தூர்க்காரர். உள்ளே ஒரே ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேரீச்சம்பழம் தின்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பன்னீர்செல்வத்துக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துவந்து கதவருகே நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க சார்."

"நஹி பாய், பெஹ்லே தும்!" என்ற அஹ்சன், முதல் இடம் அவருக்கே என்று அவரைத் திரும்ப உட்காரவைத்தார்.

"ஏனுங்க" என்றார் ரகுநாதன், "இந்த ஏர்போர்ட்டுல எப்பவும் இப்படித்தான் கூட்டமுங்களா?"

"இல்லீங்க. நான் மட்டும்தான்."

சொல்லாமல் வந்த விமானத்தில் வந்தவர்களை வருகையில் சேர்க்க முடியாது என்று கடைசியில் முடிவானது. புறப்பாட்டில் சேர்க்கலாம். அவர்களை மறுபக்கம் நடத்திக்கொண்டுபோய் ரம்ஸியாவின் முன்னால் நிறுத்தினார்கள்.

"எங்க போறீங்க சேர்? ஒருவழியா, போய்வாறதா?"

ரகுநாதனுக்குப் பொறுமை முழுதாகப் போயிருந்தது. "எங்கியோ போறோம் தாயி. விட்டாப் போதும். ஒரேயடியாப் போறோம்."

ரம்ஸியா முதல் பொத்தானை முதன்முறையாக அழுத்தினாள். இயந்திரம் புதிதாக ஓர் ஒலி எழுப்பியது. திரையில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு விதி வந்தது. ஒருவழிப் பயணிக்கு விமானம் இல்லாத நிலையில், அவரை நிலையத்தின் செலவிலேயே சாலை வழியாகத் துபாய்க்குக் கொண்டுபோய், அவர் போக வேண்டிய இடத்துக்கு அங்கிருந்து விமானம் ஏற்றிவிட வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், உரிமம் வாங்க இப்படியொரு விதி தேவையென்று சீதாராமன் எழுதிச் சேர்த்தது. ஜபல் நவ்ராவிலிருந்து யாராவது ஒரேயடியாகப் போவார் என்று அப்போது அவர் நினைக்கவில்லை.

இடப்பக்கம் ஒரு வாயில் திறந்தது. மூசா ஓடுபாதையைச் சுற்றாமல், வாழ்க்கையில் முதன்முதலாக அந்தப் பஸ்ஸை நேராக ஓட்டி, மலைப்பாதையில் இறங்கிப் போனார். ஹாரனை அடித்துக்கொண்டே போனதாகச் சொல்கிறார்கள். ஆட்களை இறக்கி லேசான விமானம் மறுநாள் விடியற்குளிரில் எரிபொருள் வாங்கி ஏறிப் பறந்தது. பொறியாளர்களைப் பயணிகள் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று சீதாராமன் தீர்ப்புச் சொன்னார். வந்தவர்கள் திரும்ப வர மாட்டார்கள், லாயல்டி குறையும்.

மறுநாள் கவுன்ட்டரில் ரம்ஸியா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நேத்து பாத்தீங்கதானே? அந்த சேர் எல்லாம் இப்ப வீட்டுல இருப்பாங்க. நீங்களும் ஒரேயடியாப் போறேன் எண்டு சொல்லுங்களே."

பன்னீர்செல்வத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"எப்படிம்மா? போறேன்னா சொல்றது?"

"ஓம். அதுல என்ன?"

"எங்க ஊர்ல பொணந்தாம்மா போகும். ஆளுங்க போயிட்டு வருவாங்க."

"எங்கட ஊர்லயும் போய்ட்டு வாறன் எண்டுதான். ஆனா இந்த மெஷினுக்கு ஊர் இல்லையே அண்ணே."

"நீயே அந்தப் பட்டனை அமுக்கிடேன், புண்ணியமாப் போவும்."

"ஏலாது. பயணி வாயால போறேன் எண்டு சொல்லணும். குரல் பதியுது."

அவர் முயற்சி செய்தார். 'கிளம்புறேன்' என்றார். கிளம்பித் திரும்புகிறாரா என்று இயந்திரம் விளக்கம் கேட்டது. மறுநாள் 'அப்ப நான் வரட்டுமா' என்றார். அது அவரைப் புறப்பாட்டுக்கே விடாமல், நேராக வருகைக் கூடத்துக்கு அனுப்பி, பேரீச்சம்பழம் கொடுக்கச் சொல்லிவிட்டது. அதற்கடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு 'போ' வரைக்கும் வந்தார். வாய் தன் பழக்கத்தில் மீதியைச் சொல்லி முடித்தது.

"...யிட்டு வர்றேன்."

ரம்ஸியா பெருமூச்சோடு இரண்டாவது பொத்தானை அழுத்தினாள்.

மாசி பிறக்க இருந்தபோது நாகவள்ளி பேசினாள். இந்த முறை குரலில் சண்டை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, உன்னைய நம்பி இனி தள்ளிப்போட முடியாதுன்னுட்டாங்க. நீ வராட்டி, உன் போட்டோவ நாற்காலில சாத்தி வச்சு, அதுக்கு முன்னாடி புள்ளையை உக்காரவச்சு முடி எறக்கிடலாம்ங்கிறாங்க."

"போட்டோவா?"

"பெருசா பிரேம் போட்டு வாங்கியாந்துட்டாங்க. வெறுமனே வச்சா நல்லாருக்காதுன்னு உன் மச்சான் மாலைக்கும் சொல்லிட்டாரு."

பன்னீர்செல்வம் தன் படம் மாலையோடு நாற்காலியில் இருப்பதை மனத்தில் பார்த்தார். ஒருமுறைதான் பார்த்தார். போதுமாயிருந்தது.

"மாலை வேண்டாம்னு சொல்லு" என்றார். "நான் வர்றேன்."

அந்த வாரம் நிலையத்துக்குத் தணிக்கை. குவைத்திலிருந்து நஸீரா என்ற அதிகாரி வந்திருந்தார். அவர் சரியென்றால் மலையின் உச்சியை இன்னும் செதுக்கி இரண்டாவது ஓடுபாதை போடலாம். தலைமை இயக்குநர் வரவேற்புரையில், "பயணிகளே எங்கள் குடும்பம்" என்று தொடங்கி, "குடும்பத்தில் ஒருவரையும் இழக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம்" என்று முடித்தார். பிறகு நஸீரா, ஒரு பயணி எப்படி நடத்தப்படுகிறார் என்று நேரில் பார்க்க விரும்பினார். சீதாராமன் மலர்ந்து போய்ப் பெட்டியோடு நின்ற பன்னீர்செல்வத்தை அறிமுகம் செய்தார்.

"இவர் எங்களோட மிக உயர்ந்த பயணி மேடம். இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட வேற ஏர்போர்ட் பக்கம் போனதில்லை."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கவுன்ட்டரைச் சூழ்ந்து நின்றார்கள்.

"எங்க போற அண்ணே?" என்றாள் ரம்ஸியா. அவள் கை இரண்டு பொத்தான்களுக்கும் மேலே காற்றில் நின்றது.

"திருச்சி."

இது வழக்கமில்லை. சீதாராமன் சிரித்தபடியே புருவத்தைத் தூக்கினார்.

"ஒருவழியா, போய்வாறதா?"

பன்னீர்செல்வம் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். செல்லியம்மனே, வாய்தான் சொல்லுது, மனசு சொல்லலை என்று உள்ளுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

"போறேன்."

"என்ன அண்ணே? கொஞ்சம் சத்தமா. குரல் பதியோணும்."

"போறேம்மா. போறேன்!"

கூடம் முழுவதும் எதிரொலித்தது. இயந்திரம் அந்த ஒலியை எழுப்பியது.

"சாஃப்ட்வேர் கோளாறு மேடம்" என்று சீதாராமன் முன்னால் பாய்ந்தார். "எங்க பயணிகள் போக மாட்டா. அவா போகாம பார்த்துக்கறதுதான் எங்க துறையோட வேலையே. அதுக்குத்தான் பதினொரு பேர் இருக்கோம். பன்னீர், தெளிவா சொல்லுங்கோ, போயிட்டு...?"

"போறேன் சார்" என்றார் பன்னீர்செல்வம். மூன்றாம் தடவை சொல்லும்போது அது வெறும் சொல்லாகத்தான் இருந்தது.

நஸீரா திரையில் வந்த விதியை நிதானமாகப் படித்தார்.

"அருமையான விதி. விமானம் இல்லாவிட்டாலும் பயணியைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கிறீர்கள். வேறெங்கும் நான் இதைப் பார்த்ததில்லை. யார் எழுதியது?"

தலைமை இயக்குநர் சீதாராமனைப் பார்த்தார். பதினொரு பேரும் சீதாராமனைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் சீதாராமன்.

"நடைமுறைப்படுத்துங்கள். நான் பார்க்கிறேன்."

இடப்பக்க வாயில் திறந்தது. மூசா எஞ்சினை ஏற்கெனவே போட்டிருந்தார். ரம்ஸியா இழுப்பறையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, இந்த முறை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"போய்ட்டு..." என்று தொடங்கி, குரல் பதிவு நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போங்க அண்ணே."

"போற வழிக்குத் தண்ணி இருக்கு" என்றார் பன்னீர்செல்வம் பெட்டியைத் தட்டி.

வழியில் அல் குசைஸில் மூசா பஸ்ஸை நிறுத்தினார். தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துவிட்டு, கேம்ப்புக்கு எதிர்க்கடையில் பால் பவுடர், தைலம், பாதாம், தங்கைக்கு ஒரு புடவை, தன்ஷிகாவுக்குப் பூ வைத்த தொப்பி ஒன்று என்று பெட்டியை நிரப்பினார்கள். இத்தனை நாள் இழுத்த பெட்டியின் சக்கரம் அன்றுதான் கனத்தில் கிறீச்சிட்டது.

மாசி மாதம் செல்லியம்மன் கோயிலில் தன்ஷிகாவுக்கு முடி இறக்கப்பட்டது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவர் கையைக் கடித்தாள். காது குத்தும்போது மறு கையைக் கடித்தாள். பிரேம் போட்ட படத்தை நாகவள்ளி மாலையில்லாமல் உள்ளறையில் மாட்டினாள். மூன்று மாதம் கழித்து சவுதியின் ஜுபைலில் ஒரு ரசாயன ஆலையில் பன்னீர்செல்வத்துக்கு வேலை கிடைத்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, போயிட்டு வர்றேன் என்றார். "தொப்பியத்தான் போட முடியல, முடி வளந்துருச்சு" என்றாள் தன்ஷிகா.

ஜபல் நவ்ராவுக்குத் தணிக்கையில் முதல் தரச் சான்று கிடைத்தது. இரண்டாவது ஓடுபாதைக்கு மலை அளக்கப்படுகிறது. புதிய பயணி ஒருவரை வேலைக்கு எடுக்க விசா தாமதமானதால், எண்ணிக்கை விழாமலிருக்கத் துறைத் தலைவரே தற்காலிகமாகப் பயணியாக இருக்க வேண்டுமென்று தலைமை இயக்குநர் உத்தரவிட்டார். சீதாராமன் தினமும் இரண்டு வேளை பெட்டியோடு கவுன்ட்டருக்கு வருகிறார். எங்கே போகிறீர்கள் என்று ரம்ஸியா கேட்கிறாள். போயிட்டு வரேன் என்கிறார். மகிழ்ச்சிமானியில் பச்சையை அழுத்துகிறார்.

அந்தக் கோடை விடுமுறைக்கு நளினியும் மஹதியும் மட்டும் சென்னைக்குப் போனார்கள்.